ஈயிடம் சுவை கேட்பது எப்படி: பூச்சிகளின் சுவையுணர்வைச் சோதிக்க ஒரு தொடக்க வழிகாட்டி

சிந்திய பாயசத்தின் ஓரத்தில் ஓர் ஈ வந்து அமர்வதை உற்றுப் பாருங்கள். அமர்ந்த இடத்திலிருந்து இரண்டு எட்டு நடக்கும். ஈரத்தில் முன்னங்கால் பட்டதும், தலைக்கு அடியில் மடங்கிக் கிடந்த உறிஞ்சுகுழல் சட்டென்று கீழே நீளும். வாய் இன்னும் உணவைத் தொடவில்லை. ஆயினும் அது இனிப்பு என்பது ஈக்குத் தெரிந்துவிட்டது. ஈக்குக் காலும் நாக்குதான். 1920களில் அமெரிக்க விலங்கியலாளர் டுவைட் மின்னிக் வண்ணத்துப்பூச்சிகளின் கால்களைச் சர்க்கரைக் கரைசலில் படவைத்து, உறிஞ்சுகுழல் நீள்கிறதா இல்லையா என்பதை மட்டும் குறித்துக்கொண்டார். பட்டினி கிடந்த வண்ணத்துப்பூச்சியின் கால், மனித நாக்கு இனிப்பென்று உணரும் அளவைவிட 200 மடங்குக்கும் மேலாக நீர்த்த கரைசலைக்கூடக் கண்டுகொண்டது என்பதை அந்த எளிய குறிப்பேட்டிலிருந்தே அவரால் சொல்ல முடிந்தது.

அத்தகைய சோதனைகளை வீட்டிலோ பள்ளி ஆய்வகத்திலோ செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது. இதில் மூன்று சோதனைகள் உள்ளன: ஈயின் காலைக் கொண்டு ஒன்று, பழ ஈயின் வயிற்றைக் கொண்டு ஒன்று, எலுமிச்சை இலைப்புழு கடித்த இலையைக் கொண்டு ஒன்று. கருவிகளுக்குப் பெரிய செலவில்லை. ஆனால், பூச்சியின் சுவையுணர்வைத் தவிர அதன் தாகம், பசி, மோப்பம், வயிற்றுக் கோளாறு ஆகிய நான்கும் அதே கேள்விக்குப் பதில் சொல்ல முண்டியடிக்கும். அவற்றை ஒவ்வொன்றாக வாயடைத்துவிட்டுச் சுவையை மட்டும் பேசவிடுவதுதான் இந்த வேலையின் முழுச் சிரமமும்.

முதலில் உங்கள் நாக்கை ஒதுக்கி வையுங்கள்

அறுசுவை என்பது மனித நாக்கு போட்ட பட்டியல். பூச்சியின் பட்டியல் வேறு. அதன் சுவை உறுப்பு என்பது பெரும்பாலும் ஒரு நுண்மயிர். அந்த மயிரின் நுனியில் ஒரே ஒரு துளை இருக்கிறது. அந்தத் துளைக்குள் சில நரம்பணுக்களின் நுனிகள் வந்து முடிகின்றன. மோப்ப மயிரில் துளைகள் பல; சுவை மயிரில் ஒன்றே. பொருள் அந்தத் துளையில் நேரடியாகப் பட்டாக வேண்டும் என்பதால்தான், தொட்டுப் பார்க்காமல் பூச்சியால் எதையும் சுவைக்க முடிவதில்லை. இம்மயிர்கள் வாயில் மட்டுமின்றிக் கால்களிலும், பழ ஈயின் சிறகு விளிம்பிலும்கூட அமைந்துள்ளன. 1955ஆம் ஆண்டு ஹாட்ஜ்சன், லெட்வின், ரோடர் ஆகிய மூவர், சோதிக்கும் கரைசலை நிரப்பிய நுண்ணிய கண்ணாடிக் குழாயை ஈயின் ஒரு தனி மயிரின் நுனியில் மாட்டி, அக்கரைசலையே மின்கம்பியாகவும் பயன்படுத்தி, மயிருக்குள் எழும் நரம்புத் துடிப்புகளைப் பதிவு செய்தார்கள். சுவைக்கும் பொருளே மின்சுற்றாகவும் இருந்த அந்த யுக்தி இன்றளவும் ஆய்வகங்களில் புழங்குகிறது.

அப்படிப் பதிவு செய்து கண்டறிந்தவற்றுள் தொடக்கநிலையினர் நினைவில் வைக்க வேண்டியது இது: ட்ரோசோபிலா என்னும் பழ ஈயின் வாய்நுனியில் பக்கத்துக்கு ஏறத்தாழ 31 சுவை மயிர்கள் உள்ளன, ஒவ்வொன்றிலும் இரண்டு அல்லது நான்கு சுவை நரம்பணுக்கள் இருக்கின்றன. நான்கு இருக்கும் மயிரில் ஒன்று சர்க்கரைக்கும், ஒன்று குறைந்த அளவு உப்புக்கும், ஒன்று கசப்புக்கும் மிகுந்த உப்புக்கும், இன்னொன்று வெறும் தண்ணீருக்கும் துடிக்கும். தண்ணீருக்கென்று தனி நரம்பணு இருப்பதை மறந்தவர்களின் சோதனைகள் அனைத்தும் வீணாகும் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். என் முதல் முயற்சியில் சர்க்கரைக்கு ஆவலோடு குழல் நீட்டிய ஈ, வெறும் தண்ணீருக்கும் அதே ஆவலோடு நீட்டியது. நான் ஒரு மணி நேரம் அளந்துகொண்டிருந்தது அதன் தாகத்தை.

நரம்பணுவில் இருந்துகொண்டு பொருளை உணரும் புரதங்களாகிய சுவை ஏற்பிகளின் எண்ணிக்கையும் பூச்சிக்குப் பூச்சி மாறும். 2000ஆம் ஆண்டில் முதன்முதலாக இனங்காணப்பட்ட இந்த ஏற்பி மரபணுக் குடும்பத்தில் பழ ஈக்கு 60 மரபணுக்கள் உண்டு. தேனீக்கோ, 2006ஆம் ஆண்டு அதன் மரபணுத் தொகுதியை ஆராய்ந்தபோது, 10 மட்டுமே தென்பட்டன. மலரே தன்னை நாடிவரச் சொல்லித் தேன் தருவதால், நச்சுகளைச் சுவைத்து விலக்கும் தேவை தேனீக்கு அதிகம் இல்லாமல் போயிருக்கலாம் என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

கரைசல்களைச் சரியாகத் தயாரித்தல்

சர்க்கரை வெள்ளைச் சர்க்கரையாகவே இருக்க வேண்டும். வெல்லத்திலும் நாட்டுச் சர்க்கரையிலும் உப்புகளும் மணமும் கலந்திருக்கின்றன. அவை உப்பு நரம்பணுவையும் மோப்பத்தையும் வம்புக்கு இழுக்கும். தண்ணீரும் அப்படியே. ஆழ்துளைக் கிணற்று நீர் நம் ஊர்களில் பெரும்பாலும் உப்புக் கலந்தது. ஆகவே காய்ச்சி வடித்த நீரை வாங்கி, சோதனை முழுவதற்கும் அந்த ஒரே நீரைப் பயன்படுத்துங்கள். பேட்டரிக் கடையில் வாங்குகிறவர்கள், தாங்கள் வாங்குவது வடிநீர்தான், ஆசிட் அன்று என்பதை இருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

சமையலறைத் தராசு 1 கிராமுக்குக் கீழே நம்பத் தக்கதன்று. எனவே சிறிய அளவில் கலக்காமல், 34 கிராம் சர்க்கரையைக் கரைத்து மொத்தம் 1 லிட்டர் ஆகும்வரை நீர் சேர்த்துக்கொள்ளுங்கள். இது 0.1 மோலார் செறிவுள்ள தாய்க் கரைசல். இதிலிருந்து ஊசி நீக்கிய சிரிஞ்சால் அளந்து, சம அளவு நீர் சேர்த்துச் சேர்த்து, ஒவ்வொன்றும் முந்தையதில் பாதிச் செறிவுள்ள ஏழு கிண்ணங்களைத் தயாரிக்கலாம்: 0.1, 0.05, 0.025 என்று இறங்கிக் கடைசியில் ஏறத்தாழ 0.0016 மோலார் வரும். எல்லாக் கிண்ணங்களும் அறை வெப்பநிலையில் இருக்கட்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கரைசலைத் தொட்ட கால், குளிரைச் சொல்கிறதா சுவையைச் சொல்கிறதா என்று பிறகு பிரித்தறிய இயலாது. கைகளை மணமில்லாத சோப்பால் கழுவிக்கொள்வதும் நல்லது.

முதற் சோதனை: ஈயின் கால்

வீட்டு ஈயோ, மீன் கடையில் மொய்க்கும் பச்சை ஈயோ போதும். பச்சை ஈ பெரிதாகையால் கையாள எளிது. பிடித்த ஈயைச் சிறு புட்டியில் இட்டுக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் இரண்டு மூன்று நிமிடம் வையுங்கள். அசைவு நின்றதும் உடனே எடுத்துவிட வேண்டும், மறந்தால் இறந்துவிடும். ஐஸ்கிரீம் குச்சியின் நுனியில் ஒரு சொட்டு மெழுகுவத்தி மெழுகை விட்டு, அது தெளிவு மாறி மங்கத் தொடங்கும்போது, ஈயின் முதுகையும் மடித்த சிறகுகளையும் அதில் மெல்ல ஒட்டுங்கள். தெளிந்த மெழுகின் சூடு ஈயைக் கொல்லும். முழுதும் இறுகிய மெழுகு ஒட்டாது. கால்கள் ஆறும் விடுதலையாக இருக்க வேண்டும். விழித்ததும் அது கால்களை உதைத்து வெறுங்காற்றில் பறக்க முயலும். ஒரு சிறு காகித உருண்டையைக் கொடுத்தால் பற்றிக்கொண்டு அமைதியாகிவிடும். பாதங்களுக்குப் பிடிமானம் கிடைத்த ஈ பறக்க எண்ணுவதில்லை.

இவ்வாறு பத்து ஈக்களைத் தயார் செய்து, ஒரு நாள் உணவின்றி வையுங்கள். தண்ணீர் மட்டும் இடையிடையே, அது போதும் என்று குழலை மடக்கும் வரை கொடுக்க வேண்டும். சோதனை தொடங்கும் முன் மீண்டும் ஒருமுறை தண்ணீர் காட்டுங்கள். முன்னங்கால் தண்ணீரில் பட்டும் குழல் நீளாத ஈதான் சோதனைக்கு ஏற்றது. நீட்டினால், குடிக்க விட்டுக் காத்திருங்கள்.

பின்னர் மிக நீர்த்த கிண்ணத்திலிருந்து தொடங்குங்கள். குச்சியைத் தாழ்த்தி, முன்னங்கால்களின் பாதங்கள் மட்டும் கரைசலின் மேற்பரப்பில் படும்படி ஓரிரு நொடிகள் வைத்து எடுங்கள். குழல் முழுமையாக நீண்டால் 'ஆம்', நீளாவிட்டால் 'இல்லை'. அரைகுறையாக அசைந்ததை என்னவென்று குறிப்பது என்பதைத் தொடங்கும் முன்பே முடிவு செய்து, கடைசிவரை மாற்றாதிருங்கள். குழல் நீண்டதும் குச்சியை உயர்த்திவிட வேண்டும், ஒரு வாய் குடித்துவிட்டால் அந்த ஈயின் பசி மாறிவிடும். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் பிறகு பாதங்களைத் தண்ணீரில் அலசி, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, தண்ணீரைக் கொண்டு மறுபடி சோதித்த பின்னரே அடுத்த கிண்ணத்துக்குப் போக வேண்டும்.

பொறுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பச்சை ஈயின் குடும்பத்து ஈக்களை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த வின்சென்ட் டெதியர், அடர்த்தியான சர்க்கரையைச் சுவைத்த பசித்த ஈ, சற்று நேரத்துக்கு வெறும் தண்ணீருக்கும் குழலை நீட்டுவதை 1960களில் காட்டினார். இனிப்பின் கிளர்ச்சி நரம்பு மண்டலத்தில் சில நொடிகள் முதல் நிமிடக் கணக்கு வரை தங்கியிருக்கிறது. அவசரப்பட்டால் முந்தைய கிண்ணத்தின் பதிலை இந்தக் கிண்ணத்தின் பதிலாக எழுதிக்கொள்வீர்கள். செறிவு ஏறுவரிசையில் போகச் சொல்வதும் இதனால்தான்.

பத்து ஈக்களில் ஐந்து 'ஆம்' சொல்லும் செறிவை அவற்றின் தொடக்க எல்லை என்று கொள்ளலாம். அதே ஈக்களை வயிறாரச் சர்க்கரை குடிக்கவிட்டு ஒரு மணி நேரம் கழித்துச் சோதித்தால் அந்த எல்லை பல மடங்கு மேலே போயிருப்பதைக் காண்பீர்கள். எனவே பட்டினி கிடந்த மணி நேரத்தைக் குறிப்பிடாத எல்லை எண்ணுக்குப் பொருளில்லை. குடிப்பதை நிறுத்தச் சொல்வதும் நாக்கன்று: முன்குடலிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பை டெதியரும் போடன்ஸ்டைனும் 1958இல் துண்டித்தபோது, ஈ நிறுத்தத் தெரியாமல் வயிறு பலூனாக உப்பும் வரை குடித்துக்கொண்டே இருந்தது.

இரண்டாம் சோதனை: வயிற்றின் நிறம்

கால் சோதனை 'இது இனிப்பா' என்று கேட்கிறது. 'இரண்டில் எது மேல்' என்று கேட்பதற்கு ஜப்பானிய ஆய்வாளர் தனிமுரா குழுவினர் 1980களின் தொடக்கத்தில் கையாண்ட நிறச் சோதனை மிகப் பொருத்தமானது. ஒரு கணமும் ஈயைத் தொடாமல், அது தின்றதை அதன் வயிற்றிலேயே படித்துவிடலாம் என்பதால் எனக்கு மிகவும் பிடித்த முறை இதுதான்.

இதற்கு வேண்டியது ட்ரோசோபிலா. வேளாண்துறையினர் பழ ஈ என்று சொல்வது மாங்காயைத் துளைத்து முட்டையிடும் வேறொரு பெரிய ஈயை. இங்கே சொல்வது, கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றிப் பறக்கும், சிவந்த கண்ணுடைய, 3 மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத சிறு ஈ. அழுகத் தொடங்கிய வாழைப்பழத்தை ஒரு புட்டிக்குள் வைத்து, வாயில் காகிதக் கூம்பைச் செருகிவிட்டால் இரண்டு நாளில் வேண்டிய அளவு சேர்ந்துவிடும். ஐம்பது அறுபது ஈக்களை ஈரப் பஞ்சு வைத்த வேறு புட்டிக்கு மாற்றி, ஒரு நாள் பட்டினி போடுங்கள். பஞ்சு காய்ந்தால் ஈக்கள் உலர்ந்து மடியும். நனைந்து சொட்டினால் ஒட்டிக்கொண்டு மடியும்.

உணவைக் கடற்பாசி என்றும் சைனா கிராஸ் என்றும் மளிகைக் கடையில் விற்கும் அகரில் தயாரிக்கலாம். 100 மில்லிலிட்டருக்கு 1 கிராம் என்ற கணக்கில் அகரைக் கொதிக்கவைத்துக் கரையுங்கள். ஒரு பாத்திரத்தில் 95 மில்லிலிட்டர் சூடான அகரோடு 5 மில்லிலிட்டர் தாய்க் கரைசலைச் சேர்த்தால் 5 மில்லிமோலார், அதாவது 0.005 மோலார், சர்க்கரை. இன்னொன்றில் 99 மில்லிலிட்டரோடு 1 மில்லிலிட்டர் சேர்த்தால் 1 மில்லிமோலார். முன்னதில் சிவப்பு உணவு நிறமியும் பின்னதில் நீல நிறமியும் சில சொட்டுகள் விட்டுக் கலக்குங்கள். மூடியுள்ள தட்டையான பிளாஸ்டிக் பெட்டியில் சதுரங்கக் கட்டம் போல மாறி மாறிச் சொட்டுச் சொட்டாக வைத்து இறுக விடுங்கள். சிவப்பு நிறமி வாங்கும்போது பொதியில் எரித்ரோசின் என்று எழுதியிருந்தால் வாங்க வேண்டாம். அதை உண்ட ஈக்கள் வெளிச்சம் பட்டால் மடியக்கூடியவை.

குளிரால் மயக்கிய ஈக்களைப் பெட்டிக்குள் கொட்டி மூடி, இருட்டில் இரண்டு மணி நேரம் வையுங்கள். இருட்டு எதற்கென்றால், ஈக்கள் நிறத்தைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல் இருப்பதற்கு. பிறகு பெட்டியை உறைபகுதியில் வைத்து, ஈக்கள் இறந்த பின் உருப்பெருக்குக் கண்ணாடியில் வயிறுகளைப் பாருங்கள். சிவப்பு, நீலம், இரண்டும் கலந்த ஊதா, நிறமற்றது என நான்கு வகை தெரியும். நிறமற்றவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். சிவந்தவற்றின் எண்ணிக்கையோடு ஊதாவின் பாதியைக் கூட்டி, நிறமுள்ள மொத்த ஈக்களால் வகுத்தால் விருப்ப எண் கிடைக்கும். 34 சிவப்பு, 14 நீலம், 12 ஊதா என்று வைத்துக்கொண்டால், 40ஐ 60ஆல் வகுக்க 0.67 வருகிறது. 0.5 என்றால் பேதமில்லை. 1க்கு அருகே என்றால் சிவப்புப் பக்கமே எல்லாம்.

அடுத்தபடி கட்டாயமானது: நிறங்களை இடம்மாற்றி, 5 மில்லிமோலாருக்கு நீலமும் 1 மில்லிமோலாருக்குச் சிவப்பும் சேர்த்து முழுச் சோதனையையும் திரும்பச் செய்யுங்கள். விருப்பம் சர்க்கரையோடு இடம்பெயர்ந்தால் சரி. நிறத்தோடு இடம்பெயர்ந்தால் நீங்கள் அளந்தது நிறமியின் சுவையை. புதியவர்கள் சோம்பலால் விட்டுவிடும் படி இதுதான். இதை விட்டவர்களின் எண்களை நான் நம்புவதில்லை.

கசப்பைச் சோதிக்க ஒரு நுட்பம் உண்டு. கசப்பை மட்டும் தனியே வைத்தால் ஈ இரண்டையும் தொடாமல் போகலாம். ஆகவே 5 மில்லிமோலார் பக்கத்தில் கசப்பையும் சேர்த்துவிட்டு, 1 மில்லிமோலார் பக்கத்தைக் கசப்பின்றி விடுங்கள். கசப்பை ஈ உணர்ந்தால், கூடுதல் இனிப்பை விட்டுக்கொடுத்துக் குறைந்த இனிப்புக்கு மாறும். எவ்வளவு கசப்பில் மாறுகிறது என்பதே அளவு. காபியின் காஃபீனை இந்த ஈக்கள் கசப்பு நரம்பணுக்களால் உணர்ந்து விலக்கும் என்பது நன்கு நிறுவப்பட்டது. ஆனால் டிகாக்ஷனை அப்படியே கலந்தால் காபி மணமும் சேர்ந்துவிடும். நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் நிலவேம்புப் பொடியின் தெளிநீர் நம் நாக்குக்குக் கடுங்கசப்பு, மணமும் குறைவு. ஈக்கும் அது கசப்புதானா என்பதை நீங்களே கேட்டுப் பாருங்கள்.

நாக்கை ஒதுக்கச் சொன்னதற்கு மிகச் சிறந்த சான்று சார்பிட்டால். சர்க்கரை நோயாளிகளுக்கான மிட்டாய்களில் சேர்க்கும் இப்பொருள் நமக்கு இனிக்கிறது. ட்ரோசோபிலாவுக்கு அது சுவையே அற்றது. ஆனால் உண்டால் உயிர் பிழைக்கும் அளவுக்கு உணவாகிறது. இதனால்தான் சோதனையை இரண்டு மணி நேரத்தோடு நிறுத்தச் சொன்னேன். இரத்தத்தில் ஏறும் ஃபிரக்டோஸை உணரும் ஏற்பி ஒன்று பழ ஈயின் மூளைக்குள்ளேயே இருப்பது 2012இல் தெரியவந்தது. நெடுநேரம் விட்டால், காலும் வாயும் சொல்வதோடு உடம்பு சொல்வதும் கலந்துவிடும்.

வாசனையைப் பிரித்துக் காட்டும் சிறு சோதனை

மேலே கண்ட எந்தச் சோதனைக்குப் பிறகும் 'அது மணத்தால் வந்திருக்கலாமே' என்று யாரேனும் கேட்பார், கேட்பதும் நியாயமே. இரண்டு கிண்ணங்களிலும் அதே உணவை வைத்து, மேலே உணவைத் தொட முடியாத உயரத்தில் கொசுவலைத் துணியைக் கட்டுங்கள். மணம் வெளிவரும், கால் எட்டாது. அப்போதும் பூச்சிகள் ஒரு கிண்ணத்தின் மேல் மட்டும் கூடுமானால் அங்கே மோப்பம் வேலை செய்கிறது. இரண்டிலும் சமமாக உட்கார்ந்து, துணியை எடுத்த பின்னரே பேதம் காட்டுமானால் அது சுவை.

மூன்றாம் சோதனை: கடித்த இலை

தாவரம் தின்னும் புழுக்களிடம் கேட்பது இன்னும் சுவையானது, ஏனெனில் அவை பிடிவாதக்காரர்கள். கறிவேப்பிலைச் செடியிலும் எலுமிச்சையிலும் முதலில் பறவை எச்சம் போலவும் பின்னர் பசுமையாகவும் தோன்றும் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு, பக்கத்துச் செம்பருத்தியைத் திரும்பியும் பாராது. தாய் வண்ணத்துப்பூச்சி முட்டையிடும் முன் முன்னங்கால்களால் இலையைத் தட்டித் தட்டிப் பார்ப்பதை மாடித் தோட்டம் வைத்திருப்பவர்கள் கண்டிருப்பீர்கள். தட்டும்போது இலையின் வேதிப்பொருள்களை அது சுவைக்கிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஜப்பானிய வண்ணத்துப்பூச்சி ஒன்றின் முன்னங்காலில், எலுமிச்சை வகை இலைகளிலுள்ள சினெஃப்ரின் என்ற பொருளுக்கான ஏற்பி 2011இல் கண்டறியப்பட்டது.

இலைச் சோதனையின் முன்னோடி ஆம்ஸ்டர்டாமின் தாவரவியலாளர் வெர்ஷாஃபெல்ட். முட்டைக்கோஸ் புழுக்கள் தீண்டாத இலைகளின் மீது, கடுகுக் குடும்பத்துக்கே உரிய சினிக்ரினைப் பூசியதும் அவை தின்னத் தொடங்கின என்று 1910இல் அவர் எழுதினார். சத்து இருக்கிறதா என்று பார்த்து அன்று, அடையாளச் சுவை இருக்கிறதா என்று பார்த்தே புழு தின்னத் தொடங்குகிறது. விலக்குவதும் அதே போலத்தான். பட்டுப்புழுவின் ஒரே ஒரு கசப்பு ஏற்பி மரபணுவைச் செயலிழக்கச் செய்தபோது, முசுக்கொட்டை தவிர வேறெதையும் தொடாத அப்புழு பிற இலைகளையும் பழங்களையும்கூடத் தின்றதைச் சீன ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்டனர். தருமபுரி, உடுமலைப் பகுதியினருக்குப் பட்டுப்புழு எளிதாகக் கிடைக்குமாதலால் எலுமிச்சைப் புழுவுக்குப் பதிலாக அதையும் சோதிக்கலாம்.

வேப்பங்கொட்டைச் சாற்றை எடுத்துக்கொள்வோம். டெல்லியில் பிரதான், ஜோத்வானி, ராய் ஆகியோர் 1962இல் வெளியிட்ட ஆய்வில், 0.001 விழுக்காடு வேப்பம்பருப்புக் கலவையே பாலைவன வெட்டுக்கிளிகளை இலையைத் தொடவிடாமல் செய்தது. நம் உழவர்கள் தெளிப்பது 5 விழுக்காடு. 5 கிராம் வேப்பம்பருப்புப் பொடியை 100 மில்லிலிட்டர் நீரில் ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டினால் அதே செறிவு. அதை நீர்க்கச் செய்து 1, 0.2 விழுக்காடுகளையும் தயாரித்து, எல்லாவற்றிலும் காதி சோப்புக் கரைசல் ஒரு சொட்டு விடுங்கள். ஒப்பீட்டுக்கான வெறும் தண்ணீரிலும் அதே சொட்டு விழ வேண்டும். இல்லையேல் சோப்பைச் சோதித்தவர் ஆவீர்கள்.

இளம் எலுமிச்சை இலைகளைச் சோதனைக்குழாயின் வாயால் அழுத்தி ஒரே அளவு வட்டங்களாக வெட்டி, பாதியை வேப்பஞ்சாற்றிலும் பாதியைச் சோப்பு நீரிலும் தோய்த்து நிழலில் உலர்த்துங்கள். ஈர மை ஒற்றுத்தாள் விரித்த பெட்டியில் நான்கு வட்டங்களை மாறி மாறி வைத்து, மூன்று மணி நேரம் பட்டினி கிடந்த ஒரு புழுவை நடுவில் விடுங்கள். பெட்டிக்கு ஒரு புழுதான். தொட்டதும் புழு தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறக் கவைக்கொம்பை நீட்டி நாற்றம் பரப்பினால், அது அமைதியாகும்வரை காத்திருங்கள். சோப்பு நீர் மட்டும் தோய்த்த வெறும் வட்டங்களில் பாதி தீர்ந்ததும் சோதனையை நிறுத்தி, மிச்சத்தை வரைதாளில் வைத்து, தின்ற பரப்பைக் கட்டம் எண்ணிக் கணக்கிடுங்கள். முழுவதும் தின்னும் வரை விட்டால், வேறு வழியின்றிப் பிடிக்காததையும் தின்றிருக்கும். வெறும் வட்டங்களில் தின்ற பரப்பிலிருந்து சாறு பூசியவற்றில் தின்ற பரப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 1 முதல் கழித்தல் 1 வரை ஓர் எண் வரும். 300 சதுர மில்லிமீட்டருக்கு 60 என்றால் 0.67. பத்துப் புழுக்களாவது வேண்டும்.

இங்கே சுவையையும் நஞ்சையும் குழப்பிக்கொள்ள வாய்ப்பு மிகுதி. வேம்பின் கசப்புப் பொருளான அசாடிராக்டின் சுவையால் விலக்குவதோடு, உள்ளே சென்றால் தோலுரிப்பையும் கெடுக்கிறது. முதல் பத்து நிமிடம் பெட்டியை விட்டு எழாதீர்கள். புழு இலை விளிம்பை ஒருமுறை கடித்து, தலையைச் சட்டென்று பின்னிழுத்து, தலையை அசைத்துக்கொண்டு நகர்ந்தால் அது சுவை. புழுவின் வாயருகே பக்கத்துக்கு இரண்டு சிறு முளைகளிலுள்ள ஒருசில நரம்பணுக்களே அந்தத் தீர்ப்பைச் சொல்லிவிடுகின்றன. நிதானமாக ஒரு மணி நேரம் தின்றுவிட்டுப் பிறகு நிறுத்தினால் அது வயிற்றின் முடிவு.

ஒரு முறை பயன்படுத்திய புழுவை மறுமுறை பயன்படுத்த வேண்டாம். புரோடீனியா என்னும் புகையிலை வெட்டுப்புழுக்கள் தூய அசாடிராக்டினைத் திரும்பத் திரும்பச் சுவைத்தபோது பழகிப்போய்த் தின்னத் தொடங்கின. அதே அளவு அசாடிராக்டின் உள்ள வேப்பஞ்சாற்றுக்கு அவ்வாறு பழகவில்லை. சாற்றில் பல கசப்புகள் கலந்திருப்பது அதன் காரணமாகலாம். சாற்றைக் காய்ச்சித் தூய்மைப்படுத்தி ஒரே பொருளாக்குவதே மேல் என்று எண்ணும் நண்பர்களிடம் நான் இதை எடுத்துச் சொல்வதுண்டு.

எதிர்பாராத விடை வந்தால்

எண்கள் உங்கள் எதிர்பார்ப்புக்கு மாறாக வந்தால் முதலில் தண்ணீர்ச் சோதனையையும் நிறமாற்றத்தையும் சரிபாருங்கள். அவை சரியென்றால் விடையை நம்புங்கள். பூக்களின் தேனில் கலந்திருக்கும் இமிடாகுளோபிரிட், தியாமெதாக்சம் ஆகிய பூச்சிமருந்துகளைத் தேனீ சுவைத்து ஒதுக்கும் என்று எதிர்பார்த்திருந்தவர்களுக்கு, தேனீக்களும் வண்டுத்தேனீக்களும் மருந்து கலந்த சர்க்கரை நீரையே கூடுதலாகக் குடித்ததும், அவற்றின் சுவை நரம்பணுக்கள் மருந்தைக் கண்டுகொள்ளவே இல்லை என்பதும் 2015இல் வந்த விடை.

கரப்பானின் கதை இதற்கு நேர்மாறு. அமெரிக்காவில் இனிப்பில் நஞ்சு கலந்து வைத்த பொறிகளைச் சில இடங்களின் ஜெர்மன் கரப்பான்கள் தீண்டாமல் போயின. நஞ்சை அன்று, பொறியிலிருந்த குளுக்கோஸையே அவை வெறுத்தன என்றும் அவ்வெறுப்பு பரம்பரையாக வருகிறது என்றும் ஜூல்ஸ் சில்வர்மன் 1993இல் காட்டினார். 2013இல் அதன் காரணமும் கிடைத்தது: அக்கரப்பான்களில் குளுக்கோஸ், இனிப்பு நரம்பணுவோடு கசப்பு நரம்பணுவையும் துடிக்கவைக்கிறது. இனித்துக்கொண்டே கசக்கும் பொருளைக் கசப்பென்றே அவை துப்பின.

சமையலறை அலமாரியில் பொறி வைத்தும் பலனில்லை என்போர் இதைத் தாங்களே சோதிக்கலாம். இளம்பழுப்பு நிறமும் தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடுகளும் உள்ள சிறிய கரப்பான்தான் ஜெர்மன் கரப்பான். குளியலறையின் பெரிய செங்கரப்பான் வேறு இனம். மருந்துக் கடையில் ஆரஞ்சு மணம் சேர்க்காத குளுக்கோஸ் பொடியைக் கேட்டு வாங்கி, 100 மில்லிலிட்டர் அகரில் 5 கிராம் கலந்து ஒரு வில்லையும், எதுவும் கலவாமல் ஒரு வில்லையும் வார்த்து, இரண்டையும் எடைபோட்டு, பக்கத்தில் ஒரு மூடியில் தண்ணீரும் வைத்து இரவில் விளக்கணைத்துவிடுங்கள். கரப்பான் நுழைய முடியாத வலைக்குள் அதே போன்ற இன்னொரு சோடி வில்லைகளும் இருக்கட்டும். காலையில் ஒவ்வொரு வில்லையும் இழந்த எடையிலிருந்து, வலைக்குள் இருந்த அதன் இணை உலர்ந்து இழந்த எடையைக் கழித்த பிறகே எது தின்னப்பட்டது என்று எழுதுங்கள்.